உடற்கல்வியும் துறைக்கல்வியே!

பத்தாம் வகுப்பிற்குக் கணக்குப் பாடவேளை போதவில்லையா? உடற்பயிற்சி வேளையைப் பிடுங்கிக்கொள்! விழாவுக்கு நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமா? உடற்கல்வி ஆசிரியரைக் கூப்பிடு! நம் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலமாக நடந்துவரும் முறை இஃது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்துவரும் யாமும் அவ்வேளைகளைப் பறித்தவருள் ஒருவரே என்பதை நாணத்தோடு ஒப்புகின்றோம்.

படிப்பு ஏறாதவனுக்கே ஆட்டம் என்னும் தாழ்ந்த எண்ணமே இதற்கு அடிப்படை. ஆனால், உடற்கல்வி நம் மண்ணில் நேற்று வந்த துறையன்று. 1920-ஆம் ஆண்டிலேயே ஃகாரி பக்கு என்னும் அமெரிக்கர் சென்னையில் கிறித்தவ இளைஞர் கழகத்தின் உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 2005-ஆம் ஆண்டில் இத்துறைக்கெனவே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்று, சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்கிவருகின்றது. ஓராண்டாக இருந்த உடற்கல்வி ஆசிரியப் பட்டப்படிப்பு, 2014-ஆம் ஆண்டின் நெறிமுறைகளால் ஈராண்டாக நீட்டப்பட்டது. அங்குப் பயில்வோர் பந்தை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பதில்லை. உடற்கூறு, உடலியங்கியல், அசைவியல், உளவியல், பயிற்சிமுறை, அளவீடு என யாவும் கற்கின்றனர்.

ஓட்டம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தசையில் முன்னரே சேர்ந்திருக்கும் ஆற்றல் கடுவிரைவோட்டத்தில் சில நொடிகளுக்கே போதும். பின்னர், உயிர்வளியின் துணையின்றியே தசை சருக்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும். பால் புளிக்குங்கால் தோன்றும் அதே புளியம் அப்போது தசையிலும் தோன்றும். இரண்டு மணித்துளிக்கு மேல் ஓடுவோனைப் பெரும்பாலும் உயிர்வளியே தாங்கும். தசையின் வெப்பத்தை அளந்த ஆர்ச்சிபால்டு ஃகில்லுக்கும், அப்புளியத்திற்கும் உயிர்வளிக்குமுள்ள தொடர்பைக் கண்ட ஓட்டோ மேயர்ஃகோபுக்கும் 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இத்தகு துறையையா படிப்பு ஏறாதவனின் புகலிடம் என்பது?

இனி, எம் நெஞ்சை உறுத்தும் ஒன்று. பல்லாண்டுகளுக்கு முன், யாம் பணியாற்றிய பள்ளியொன்றில், கடும் வெயிலில் நெட்டோட்டம் பழகிய மாணவனொருவன் தண்ணீர் கேட்டான். “ஓடும்போது குடிக்கக் கூடாது, பொறுத்துக்கொள்” என்றார் பயிற்றுநர். அடுத்த சுற்றில் அவன் மயங்கி வீழ்ந்தான். நற்பேறாகப் பிழைத்தான். பயிற்றுநர் கொடியவரல்லர்; தமக்குச் சொல்லப்பட்டதையே சொன்னார். வியர்வையால் உடல்நீர் குறையின் குருதியளவு குறையும், நெஞ்சாங்குலை விரைந்து துடிக்கும், உடல்வெப்பம் ஏறும். வெயிலுக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு கிழமை ஆகும். இவ்வுண்மைகள் அன்றே நூல்களில் இருந்தன. ஆனால், ஆங்கில நூல்களில் இருந்தன! நூலகத்தில் அடைபட்ட அறிவு ஆடுகளத்திற்கு வரவில்லை. மொழிச்சிக்கல் உயிர்ச்சிக்கலாவது இவ்வாறுதான்.

சிற்றூரில் தமிழ்வழி பயின்று, காலின் வலிமையால் கல்லூரிக்குள் நுழையும் இளைஞன், திடலில் முதல்வனாகவும் தேர்வுத்தாளில் ஊமையாகவும் நிற்கின்றான். பொருள் விளங்காமல் உருப்போட்டுத் தேறுகின்றவன், நாளை தன் மாணவனுக்கு எதனை விளக்குவான்?

தமிழில் சொல் ஏது என்பார்க்கு விடை எளிது. தசைநார், மூட்டு, உயிர்வளி, நெம்புகோல், நாடித்துடிப்பு எனச் சொற்கள் நிரம்ப உள. இல்லாதவற்றை ஆக்கிக்கொள்ள வேரும் உண்டு. இல்லாதது மனமே!

ஆகவே, உடற்கல்வியின் ஒவ்வொரு தாளுக்கும் பல்கலைக்கழகமும் அரசும் நல்ல தமிழில் நூல் வெளியிடல் வேண்டும். துறையறிந்தோரும் தமிழறிந்தோரும் ஒருங்கமர்ந்து அவற்றை எழுதுதல் வேண்டும். ஆசிரியப் பெருமக்களோ உடற்பயிற்சி வேளையை இனித் தொடாதிருத்தல் வேண்டும். தம் மகன் உடற்கல்வி பயில விரும்பின், பெற்றோர் தலையில் அடித்துக்கொள்ளாமல் வாழ்த்தி அனுப்புக! உடலை ஓம்பும் அறிவு ஓடுகின்ற பிள்ளையின் காதில் அவன் மொழியில் விழட்டும். அதுவரை, நம் திடல்களில் வீழும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாமும் பொறுப்பாளிகளே!