ஆடிய படத்தை அழிக்கலாமா?

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் பெரியோர் வாக்கு. வீடியோ எடுப்பதற்கும், எடுத்த வீடியோவைக் காப்பதற்கும் இதைவிடப் பொருத்தமான பழமொழி வேறு இல்லை என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து. படம் ஆடிவிட்டது என்றோ, கணினியில் திறக்கவில்லை என்றோ பதறி, அதை உடனே அழித்துவிடும் வழக்கம் இன்று வீடுதோறும் காணப்படுகிறது. அது தவறு என்று எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எங்களுக்கு நேர்ந்த அனுபவத்தைச் சொல்லியே தொடங்குகிறோம்.

சென்ற கல்வியாண்டின் கடைசி வேலை நாளன்று, நம் பள்ளியில் நெடுங்காலமாக மணி அடித்து வந்த ஆயாம்மா ஓய்வு பெற்றார். நாம் வகுப்பில் அமர்ந்ததும், உணவுக்கு எழுந்ததும், வீட்டுக்கு ஓடியதும் அவர் அடித்த மணியோசையைக் கேட்டுத்தானே! வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அவர் இரும்புக் கம்பியால் கடைசி முறை அடிக்கும் காட்சியைப் படம் பிடித்து, இவ்வாண்டின் ஆண்டு விழாவில் காட்ட விரும்பினோம். மாணவியர் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது பள்ளி விதி. ஆகவே எங்கள் வகுப்பாசிரியை தம்முடைய செல்போனைத் தந்து உதவினார். எங்களுள் உயரமான ஒருத்தி பெஞ்சின்மேல் ஏறி நின்று எடுத்தாள். சுற்றிலும் ஒரே கூட்டம். ஆளுக்கு ஆள் இடித்தார்கள். போதாக்குறைக்கு, எடுத்தவளுக்கு அழுகையும் வந்துவிட்டது. நான்கு நிமிடப் படத்தில் ஆடாத இடம் அரை நிமிடம்கூட இல்லை.

அதற்கு மேலும் ஒரு சோதனை காத்திருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அந்தப் படத்தைக் கணினி அறைக்குக் கொண்டுசென்று ஓட்டினோம். மணியோசை கேட்டது, ஆயாம்மாவைக் காணோம். திரை முழுவதும் ஒரே கறுப்பு. “கெட்டுப்போய்விட்டது, அழித்துவிடலாம்” என்றாள் ஒருத்தி. “என் அண்ணனிடம் கொடுத்தால் பார்ப்பான்” என்றாள் மற்றொருத்தி. “கடையில் கொடுப்போம்” என்றாள் இன்னொருத்தி. கணினி ஆசிரியை எங்களைப் பார்த்து, “கெட்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அன்றுதான் ‘கோடெக்’ என்ற சொல்லைக் கற்றோம்.

கோடெக் என்பது என்ன? அதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் எழுத 3 பைட்டுகள் தேவை. நொடிக்கு 30 படங்கள் வீதம் எடுத்தால், ஒரு நிமிட வீடியோவே 11 ஜிகாபைட்டுக்கு மேல் வந்துவிடும்! ஆனால் செல்போன் அதே ஒரு நிமிடத்தை நூறு, இருநூறு மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறாத பகுதியை மீண்டும் மீண்டும் எழுதாமல், மாறியதை மட்டும் குறித்துக்கொள்வதே இதன் இரகசியம். இவ்வாறு சுருக்கி எழுதவும், எழுதியதை மீண்டும் விரித்துப் படிக்கவும் வகுத்த முறைதான் கோடெக்.

நம் தாய்மாரில் சிலர் சுருக்கெழுத்துப் பயின்றிருப்பர். எழுதுபவர் எம்முறையில் எழுதினாரோ அம்முறையை அறிந்தவரே அதைப் படிக்க இயலும். மற்றவர்க்கு அது வெறும் கோழிக் கிறுக்கலே! அதற்காக அந்தத் தாளைக் கிழித்தெறிவோமா? வீடியோவும் அவ்வாறே. 2003-ஆம் ஆண்டில் வந்த எச்.264 என்னும் முறையைப் பெரும்பாலும் எல்லாக் கருவிகளும் படிக்கும். 2013-இல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் தரும் நோக்கத்துடன் உருவானது. 2018-இல் ஏ.வி.1 என்னும் முறை வெளிவந்தது. எங்கள் படம் எச்.265 முறையில் எழுதப்பட்டிருந்தது. பள்ளிக் கணினி பழையது. அதற்கு அந்தச் சுருக்கெழுத்துத் தெரியவில்லை. ஒலி வேறொரு முறையில் எழுதப்பட்டிருந்ததால் அது மட்டும் கேட்டது.

இங்கே நம்மில் பலர் செய்யும் ஒரு பிழையையும் சுட்டிக்காட்ட வேண்டும். எம்.பி.4, எம்.ஓ.வி., ஏ.வி.ஐ. என்று கோப்பின் பெயரோடு வருபவை கோடெக்கின் பெயர்கள் அல்ல. அவை டிபன் பாக்ஸ் போன்றவை. ஒரே மாதிரி டப்பாவுக்குள் ஒருத்தி தயிர்சாதமும் இன்னொருத்தி புளிசாதமும் கொண்டுவருவதில்லையா? டப்பாவின் மேல் ஒட்டிய பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் சாதம் மாறாது. கோப்பின் பெயரை மாற்றிப் பார்த்து அரை மணி நேரத்தை வீணாக்கிய நாங்களே இதற்குச் சாட்சி.

உள்ளே இருப்பது எது என்று அறிய வழி உண்டு. வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, கண்ட்ரோல், ஜே ஆகிய இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் கோடெக்கின் பெயர் தெரியும். பெரும்பாலான கோடெக்குகளைப் படிக்கும் ஆற்றல் அம்மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கான முயற்சியை 1996-இல் பிரான்சு நாட்டில் தொடங்கியவர்கள் ஒரு கல்லூரியின் மாணவர்கள் என்று அறிந்தபோது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. மாணவர்கள் செய்ததை மாணவியராகிய நாம் கற்கவாவது கூடாதா?

வி.எல்.சி.யில் ஆயாம்மா தோன்றினார், நாங்கள் கைதட்டினோம். ஆயினும் பழைய கணினியில் படம் விக்கி விக்கி ஓடியது. எனவே ஹேண்ட்பிரேக் என்ற மற்றோர் இலவச மென்பொருளால் அதை எச்.264 முறைக்கு மாற்றினோம். மாற்றியதைத் தொகுக்கும்போது புதியதொரு குறை கண்டோம். ஆயாம்மாவின் கம்பி தண்டவாளத்தைத் தொட்ட பிறகு, சற்றுத் தாமதித்து ‘டங்’ என்ற ஓசை வந்தது! செல்போன் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை; வெளிச்சத்துக்கும் வேலைப்பளுவுக்கும் ஏற்பக் கூட்டியும் குறைத்தும் எடுக்கிறது. தொகுக்கும் மென்பொருள் அதைச் சீரானது என்று எண்ணிக்கொள்வதால் ஓசையும் காட்சியும் பிரிந்துவிடுகின்றன. மூலப்படத்திலிருந்து மீண்டும் ஒருமுறை, ‘மாறாத படவேகம்’ என்ற வசதியைத் தேர்ந்து மாற்றியதும் மணியும் ஓசையும் ஒன்றாயின.

அடுத்தது ஆட்டம். இதைக் குறைப்பதற்குக் கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருள்களிலேயே வசதி உண்டு. மென்பொருள் முதல் சுற்றில் ஒவ்வொரு படத்தையும் அடுத்த படத்தோடு ஒப்பிட்டு, கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு சாய்ந்தது என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாம் சுற்றில் அந்தக் கோணல்மாணலான பாதையைச் சீராக்கி, ஒவ்வொரு படத்தையும் எதிர்ப்புறமாக நகர்த்தி வைக்கிறது. படத்தை நகர்த்தினால் ஓரம் காலியாகும் அல்லவா? அந்தக் காலி இடம் தெரியாதிருக்க, படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. ஆட்டம் அதிகமானால் வெட்டும் அதிகம். ஆட்டம் நீங்குவதற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

நாங்கள் அதை அப்போது சிந்திக்கவில்லை. அளவை உச்சத்தில் வைத்தோம். படம் பாறைபோல் அசையாமல் நின்றது. பெருமையோடு ஆயாம்மாவைப் பள்ளிக்கு அழைத்துவந்து காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தைக் கண்டு சிரித்தார். பிறகு, “மணி சத்தம் கேக்குது. அடிக்கிற என் கை எங்க கண்ணு?” என்று கேட்டார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்டவாளமும், கம்பி பிடித்த கையும் படத்தின் ஓரத்தில் இருந்தன. ஓரத்தை வெட்டியபோது அவையும் வெட்டுப்பட்டுவிட்டன. அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த கையையே நாங்கள் நீக்கிவிட்டோம்; நீக்கியதைக் கவனிக்கவும் இல்லை!

நல்லவேளை, மூலப்படத்தை அழிக்கவில்லை. மீண்டும் தொடங்கினோம். படத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தோம். ஆயாம்மா நடந்து வரும் பகுதிக்குச் சீராக்கும் அளவைச் சற்று அதிகமாகவும், அவர் பேசும் பகுதிக்குக் குறைவாகவும் வைத்தோம். மணி அடிக்கும் பகுதியை மட்டும் தொடவே இல்லை. அங்கே படம் ஆடத்தான் செய்கிறது. ஆனால் கை இருக்கிறது. ஆண்டு விழாவில் அதைக் கண்ட பெற்றோர் எவரும் ஆட்டத்தைக் குறை கூறவில்லை.

மென்பொருளால் தீராத குறைகளும் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் கை அசைந்தால் ஒவ்வொரு படமும் கலங்கிவிடும். நிலைப்படுத்தியபின் அந்தக் கலங்கல் விட்டுவிட்டுத் தோன்றி இன்னும் துலக்கமாகத் தெரியும். செல்போன் கேமரா ஒரு காட்சியை வரிவரியாக, மேலிருந்து கீழாகப் பதிவதால், வேகமாக அசைந்தால் தூணும் சுவரும் ஜெல்லிபோல் நெளியும். அதை ஓரளவுதான் திருத்த முடியும். முன்னால் கூட்டம் நகர்ந்தால், கேமராதான் நகர்கிறது என்று மென்பொருள் ஏமாந்துபோவதும் உண்டு.

ஆகையால் வைத்தியத்தைவிட வருமுன் காப்பதே மேல். 1970-களில் அமெரிக்க ஒளிப்பதிவாளர் காரெட் பிரௌன் ‘ஸ்டெடிகேம்’ என்னும் கருவியை உருவாக்கினார். எடுப்பவரின் உடல் அசைவு கேமராவைச் சேராதபடி ஸ்பிரிங்கும் எடையும் கொண்டு தடுப்பது அது. 1976-இல் வெளிவந்த ‘ராக்கி’ திரைப்படத்தில் கதாநாயகன் படிக்கட்டில் ஓடும் காட்சி அதனால் எடுக்கப்பட்டதே. நம்மிடம் அக்கருவி இல்லை. ஆனால் இடுப்பில் நீர்க்குடம் ஏந்திச் சொட்டுச் சிந்தாமல் நடக்கும் நம் ஊர்ப் பெண்களை நாம் கண்டதில்லையா? அந்த நடைதான் படம் எடுப்பவருக்கும் வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, செல்போனை இரு கைகளாலும் பிடித்து, முடிந்தால் தூணில் சாய்ந்து எடுக்கலாம். முக்கியமானதை ஓரத்தில் வைக்காமல் நான்கு புறமும் இடம் விட்டு எடுத்தால், பின்னால் வெட்டினாலும் இழப்பு இராது.

“இப்போதைய செல்போன்களே ஆட்டத்தைத் தாமாகக் குறைக்கின்றனவே, பிறகு எதற்கு இத்தனை பாடு?” எனச் சிலர் கேட்கலாம். அவற்றிலும் பல, ஓரத்தை வெட்டித்தான் குறைக்கின்றன. மேலும், முன்பே எடுத்து வைத்த படங்களை என்ன செய்வது? மறைந்த தாத்தாவின் குரலும், அக்காள் திருமணமும், தம்பியின் முதல் நடையும் எத்தனையோ வீடுகளில் திறக்காத கோப்புகளாகக் கிடக்கின்றன. பேட்டரி தீர்ந்து பாதியில் நின்ற எம்.பி.4 கோப்பு திறப்பதில்லை. எது எங்கே உள்ளது என்னும் அட்டவணை பெரும்பாலும் பதிவின் முடிவில்தான் எழுதப்படும் என்பதே காரணம். பொருளடக்கம் இல்லாத புத்தகம் போன்றது அது. பக்கங்கள் உள்ளேதான் இருக்கின்றன. அதே செல்போனில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைத் துணையாகக் கொண்டு அத்தகையவற்றைப் பல வேளைகளில் மீட்கலாம். அழித்துவிட்டாலோ, எதை மீட்பது?

“பொதுத்தேர்வு எழுதும் பெண்களுக்கு இது எதற்கு? கடையில் கொடுத்தால் ஆயிற்று” என்று பெற்றோர் எண்ணலாம். அவர்களை நாங்கள் பணிவுடன் கேட்கிறோம்: உலை வைக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் கற்ற கைகள் இதையும் கற்கக் கூடாதா? அண்ணன் வரும்வரை காத்திருந்தால் நாங்கள் எதைக் கற்றிருப்போம்? நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் எதற்கும் ஒரு காசும் செலவில்லை. உணவு இடைவேளையில் செய்த வேலை இது. ‘கோடெக் தொகுப்பு’ என்று இணையத்தில் கண்டதையெல்லாம் இறக்கிக் கணினிக்கு வைரஸ் வாங்கிக் கொடுக்காமல், அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே பெற்றால் போதும்.

தோழியரே! மூன்றே செய்திகளை மனத்தில் கொள்வோம். மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காமலும் திருத்தாமலும் தனியே வைப்போம், திருத்தமெல்லாம் நகலில்தான். செய்திச் செயலி வழியாக அனுப்பும்போது ‘ஆவணம்’ என்று அனுப்புவோம். இன்றேல் அது மேலும் சுருங்கித் தரம் குன்றும். குறை கண்டால், என்ன குறை என்று அறிந்த பிறகே கை வைப்போம். திறக்காத படம் கெட்ட படம் அன்று. ஆடிய படம் வீணான படமும் அன்று. திருத்தி முடித்ததும், வெட்டுப்பட்டது யாருடைய கை என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர் சார்பில், வகுப்பு மாணவி ஒருவர்