முறைப்பாட்டுக்கு இலக்கம் கிடைக்கும், பதில் சொல்ல ஆள் கிடைக்குமா?

அரச சேவைகளை டிஜிட்டல் மயமாக்குவது பற்றிக் கொழும்பில் நிறையப் பேசப்படுகிறது. 2025 பெப்ரவரியில் அரச கட்டணங்களை இணையவழியில் செலுத்தும் ‘கவ்பே’ தொடங்கப்பட்டது. இந்திய நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் முன்னெடுக்கப்படுகிறது. மக்கள் அரசுக்குப் பணம் செலுத்துவதும் அரசு மக்களை அடையாளம் காண்பதும் இலகுவாகின்றன. மக்கள் அரசிடம் ஒரு குறையைச் சொன்னால் அது எங்கே போகிறது, யாரிடம் தங்குகிறது என்ற கேள்வி மட்டும் இந்தப் பேச்சில் பின்தள்ளப்படுகிறது.

இந்தக் கேள்வியை நெடுந்தீவிலிருந்து கேட்டால் அதன் கனம் தெரியும்.

ஒரு தீவு, பல அலுவலகங்கள்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணத்தில் இருக்கிறது நெடுந்தீவு. ஆறு கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், ஒரு பிரதேச செயலகம், ஒரு பிரதேச சபை. பார்வைக்குச் சிறிய நிர்வாகம்தான். ஆனால் ஒரு படகு ஓடவில்லை என்றால் யாரைக் கேட்பது? குமுதினி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. நெடுந்தாரகை பிரதேச சபையினுடையது. தனியார் படகுகளுக்கு உரிமையாளர்கள் வேறு. கடல் கொந்தளிப்பு என்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலும் கடற்படையின் முடிவும் சேர்ந்துகொள்கின்றன. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கு வந்தது. ஆனால் வீதியில் ஓடும் வாகனம் கடலைத் தாண்டாது. நோயாளியைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவர இன்னொரு அழைப்பு, இன்னோர் அனுமதி, இன்னொரு படகு தேவைப்படுகிறது.

எனவே ஒரே செய்தியை நான்கு இடங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னவரிடம் அதற்கு அத்தாட்சி எதுவும் இருப்பதில்லை. வட்ஸ்அப் குழுமத்தில் போட்டால் பலர் பார்ப்பார்கள், சிலர் பெருவிரல் காட்டுவார்கள். மறுநாள் அது மரண அறிவித்தல்களுக்கும் வாழ்த்துகளுக்கும் கீழே போய்விடும்.

கருவி என்ன செய்கிறது?

வணிக உலகம் இந்தச் சிக்கலை வேறொரு வடிவத்தில் எப்போதோ சந்தித்துவிட்டது. வாடிக்கையாளரின் முறைப்பாடு ஒரு மென்பொருளுக்கு வருகிறது. அதைத் தீர்க்க வேண்டிய ஊழியர்களோ இன்னோர் அரட்டைச் செயலியில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து செய்திகளைப் பிரதியெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த வேலையை நிரல் எழுதத் தெரியாதவர்களும் ஒழுங்குபடுத்தக்கூடிய இணைப்புக் கருவிகள் செய்கின்றன. ஸேப்பியர், மேக், எட்டு-எட்டாகப் பிரித்து வாசிக்கத் தேவையில்லாத சிறு பெயர் கொண்ட திறந்த மூலக் கருவிகள் எனப் பல உண்டு. அடிப்படை விதி ஒன்றுதான்: ‘இது நடந்தால், அதைச் செய்.’ முறைப்பாடு வந்ததும் அதற்கு ஓர் இலக்கம் கொடு, ‘படகு’ என்ற சொல் இருந்தால் படகுப் பிரிவின் அரட்டைக்கு அனுப்பு, நான்கு மணிநேரத்தில் யாரும் பொறுப்பேற்காவிட்டால் மேலதிகாரிக்கு அறிவி, தீர்ந்ததும் முறையிட்டவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பு.

இதில் தமிழர்கள் பெருமைப்படக்கூடிய ஒரு விடயமும் உண்டு. வாடிக்கையாளர் சேவை மென்பொருளில் உலகளவில் பெயர்பெற்ற பிரெஷ்வேர்க்ஸ் 2010 இல் சென்னையில் தொடங்கப்பட்டு, 2021 இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் முறைப்பாடுகளுக்கு ‘டெஸ்க்’, ஊழியர் அரட்டைக்கு ‘கிளிக்’, இரண்டையும் இணைக்க ‘ஃப்ளோ’ என மூன்றையும் தானே தயாரிக்கிறது. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ் இளைஞர்கள் உலகத்துக்குச் செய்து விற்கும் பொருள், இப்பால் ஒரு பிரதேச சபையின் மேசைக்கு வரவில்லை.

பணமோ தொழில்நுட்ப அறிவோ இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய இணைப்பை ஓரிரு நாட்களில் ஒழுங்குபடுத்தக்கூடிய இளைஞர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். தடை வேறிடத்தில் இருக்கிறது.

பதிவேடுகள் பெருகிய வரலாறு

முறைப்பாட்டு இலக்கம் என்பது எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, 2010 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, 2016 இன் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகம் என ஒரே பிள்ளையின் பெயரைத் தாய்மார் திரும்பத் திரும்ப எழுதிக்கொடுத்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டு கிடைத்தது. முந்தைய துண்டுக்கு என்ன ஆனது என்று அடுத்த இடத்தில் சொல்ல ஆளில்லை.

நெடுந்தீவுக்கு இதில் தனி வடு உண்டு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்த பயணிகள் குழந்தைகள் உட்பட நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. தகவல் இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், பெயர்களும் இருந்தன. அவற்றை ஏற்றுப் பதில் சொல்ல வேண்டிய கதிரையில்தான் எவரும் இருக்கவில்லை.

படகு தாமதமும் படுகொலையும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. ஆனால் இரண்டிலும் மக்கள் கண்ட அலுவலகப் பழக்கம் ஒன்றே: பதிவு செய்வதைப் பதிலாகக் காட்டுவது. இந்தப் பழக்கத்தின் மேல் மென்பொருளை ஏற்றினால் பழக்கம் வேகமாக ஓடுமே தவிர மாறாது. ‘உங்கள் முறைப்பாடு கிடைத்தது’ என்ற தானியங்கிக் குறுஞ்செய்தி ஒரு நொடியில் வரும். அதற்குப் பின்னான மௌனம் அப்படியே இருக்கும்.

யார் கண்ணில் படும்?

இரண்டாவது ஆபத்து இதைவிட நுட்பமானது. செய்திகள் தானாக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது, எங்கெல்லாம் போகின்றன என்பது முறையிட்டவருக்குத் தெரியாது. தண்ணீர் பற்றி எழுதும் பெண்ணின் பெயர், தொலைபேசி இலக்கம், வீட்டுக் குறிப்பு எல்லாம் அரட்டையில் உள்ள அத்தனை பேரின் கைப்பேசியிலும் விழும். இடமாற்றம் பெற்றுப் போன உத்தியோகத்தரின் கணக்கு நீக்கப்படாவிட்டால் அவரும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

சாதாரண ஊரில் இது கவனக்குறைவு. புலனாய்வாளர் வீடு தேடி வந்து விசாரித்த அனுபவம் உள்ள சமூகத்தில் இது அச்சம். காணிக்குள் படையினர் இருப்பது பற்றியோ கடற்படையினர் பற்றியோ முறையிடுபவர், அந்தச் செய்தி எந்த அரட்டையில் ஒலிக்கும் என்று யோசிப்பார். யோசித்துவிட்டுப் பேசாமல் இருப்பார். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியும், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது ஒத்திவைக்கப்பட்டது. சட்டம் முழுமையாக வரும்வரை காத்திராமல் சபைகள் தாமே விதி வகுக்கலாம்.

மூன்றாவது மொழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சொற்களைப் பார்த்துப் பிரிக்கும் கருவிக்கு ‘போட்’ மட்டும் தெரிந்து, படகும் வள்ளமும் தெரியாவிட்டால் நெடுந்தீவின் செய்தி பொதுக் குப்பைக்குள் போகும்.

கேட்க வேண்டியவை

நல்ல முன்மாதிரி நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் விண்ணப்பத்துக்குப் பதிவிலக்கம் கொடுக்கிறது, பொறுப்பான உத்தியோகத்தரைக் குறிப்பிடுகிறது, 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் கேட்கிறது, தவறினால் மேன்முறையீட்டுக்கும் வழி சொல்கிறது. கணினி இல்லாமலே இயங்கக்கூடிய முறைப்பாட்டு ஒழுங்கு அதுதான்.

நெடுந்தீவில் இதைச் சிறிதாகத் தொடங்கலாம். முதலில் படகுச் சேவை ஒன்றை மட்டும் எடுக்கட்டும். வழமையான வட்ஸ்அப் குழுமத்தை நம்பாமல், தனி இலக்கத்துக்குத் தமிழில் செய்தியோ குரல்பதிவோ அனுப்பும் வசதி இருக்கட்டும். இணையம் இல்லாதவருக்காக கிராம உத்தியோகத்தர் பதிந்து அதே இலக்கத்தைக் கொடுக்கட்டும். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் பொறுப்பான பதவி எது, எத்தனை மணிநேரத்தில் பதில் என்பதை இறங்குதுறையில் எழுதி ஒட்டட்டும். அரட்டைக்குப் பெயரும் தொலைபேசி இலக்கமும் போகாமல், முறைப்பாட்டு இலக்கமும் விடயமும் மட்டும் போகட்டும். எத்தனை வந்தன, எத்தனை தீர்ந்தன என்ற கணக்கு மாதந்தோறும் சபை அமர்வில் வாசிக்கப்படட்டும்.

இவற்றில் மென்பொருள் செய்யக்கூடியது பாதிதான். மீதிப் பாதியை ஓர் உத்தியோகத்தர் தன் பதவியின் பெயரால் ஏற்க வேண்டும். டிஜிட்டல் திட்டம் எதையாவது அறிமுகப்படுத்த யாராவது தீவுக்கு வரும்போது மக்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, செயலியின் பெயர் என்ன என்பதல்ல. நான்கு மணிநேரம் கடந்தும் பதில் வராவிட்டால் யாருடைய தொலைபேசி ஒலிக்கும் என்பதுதான்.