வாகரைத் தவளையை வெயில் காலத்தில் தேடினால்?

வாகரை இறால் வளர்ப்புத் திட்டத்துக்கும் கதிரவெளிக் கரையோர இல்மனைட் அகழ்வுக்கும் எதிராக அப்பகுதி மக்கள் பலமுறை வீதிக்கு இறங்கியுள்ளனர். குடிநீர், மீன்பிடி, மேய்ச்சல் தரை என்று அவர்கள் பேசுவது நியாயமே. தவளையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் சிரிப்பார்கள் என்பதும் உண்மைதான்.

ஆனால் உலகில் அழிந்துபோனதாகப் பதிவான தவளை இனங்களில் பெரும்பங்கு இலங்கைக்கு உரியது. இராணுவ வைத்தியர் கெலார்ட் 1853இல் விவரித்த நட்சத்திரப் புள்ளி மரத்தவளையும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2009இல் பாவா ஆதம் மலைக் காட்டில் மெண்டிஸ் விக்கிரமசிங்க குழுவினர் அதனை உயிரோடு கண்டனர். தேடியதால் கிடைத்தது, அவ்வளவுதான்.

இது மலைநாட்டுக் கதை மட்டுமல்ல. இந்தியாவில் உள்ள தவளைதான் என்று நெடுங்காலம் கருதப்பட்ட ஒரு சிறு தவளை, இலங்கைக்கே உரிய தனி இனம் என்று 2016இல்தான் அறிவிக்கப்பட்டது. மிகிந்தலையின் பெயர் பெற்ற அது நம்மைப் போல உலர் வலயவாசி.

உலர் வலயத் தவளைகளில் பல, வெயில் மாதங்களில் மண்ணுக்குள்ளும் மரப்பொந்துகளிலும் ஒடுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளங்களும் வில்லுகளும் நிறைந்தால்தான் வெளியே வந்து முட்டையிடும். அந்தப் பள்ளம் சில வாரங்களே நிற்கும் நன்னீர். வரைபடத்தில் அது 'தரிசு நிலம்'. பக்கத்தில் இறால் தொட்டி வெட்டி உவர்நீர் கசிந்தால் வாற்பேய்கள் தப்பாது. பிறகு வயல் பூச்சியையும் நுளம்பையும் தின்ன ஆளிருக்காது. ஓட்டமாவடி, வாழைச்சேனை விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புத்தளத்திலும் வேலைவாய்ப்பு என்றுதான் தொடங்கினார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் வந்தது. பெருமளவு தொட்டிகள் கைவிடப்பட்டன. உப்பேறிய நிலம் மிஞ்சியது. வாகரைக்கு வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வறுமையும் போரும் சுனாமியும் கண்ட மண் அது.

கேட்பது ஒன்றே. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கான உயிரினக் கணக்கெடுப்பு ஜூலையில் பகலில் நடந்தால் 'தவளை இல்லை' என்றே அறிக்கை வரும். அது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. மாரியில், இரவில், ஒரு முழுப் பருவமும் தேடிய பின்னரே மத்திய சுற்றாடல் அதிகாரசபை முடிவெடுக்க வேண்டும். அறிக்கை மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது, கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடந்தது என்பதை முதலில் பாருங்கள்.