துளையே ஆதாரம்

ரைஃபிள் பேரலில் தோட்டா அறை வெட்டும்போது துல்லியம் லேத்தின் விலையிலோ எடையிலோ இல்லை. பேரலின் துளை ஓடும் அச்சும் ஸ்பிண்டிலின் அச்சும் வெட்டும் இடத்தில் ஒன்றிப் போகின்றனவா என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசையில் தாங்கிச் சுடும்) போட்டிகளுக்குத் தங்கள் பேரலைத் தாங்களே பொருத்திக்கொள்ளும் பலர் சாதாரண வீட்டு லேத்திலேயே இதைச் செய்கிறார்கள். நல்ல பலன் கிடைத்தவர்களின் வேலையில் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அவர்கள் துளையை நம்புகிறார்கள், வெளிப்புறத்தை நம்புவதில்லை.

காரணம் பேரல் உருவாகும் முறையிலேயே உள்ளது. கெட்டிக் கம்பியில் ஆழ்துளைக் கருவி நுழைந்து செல்லும்போது சிறிது சிறிதாக விலகும். பிறகு இரு முனைத் துளைகளையும் சென்டரில் தாங்கி வெளிப்புறத்தைக் கடைகிறார்கள். முனைகளில் துளையும் வெளிவட்டமும் ஒத்துப்போகும். நடுவில் துளை வளைந்து கிடக்கும். வெளிப்புறத்தில் டயல் இண்டிகேட்டர் வைத்துப் பூஜ்யம் கண்டவர், தோட்டா அறை முடிந்து வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தில் துளை எப்படி நிற்கிறது என்பதை அறியவே இல்லை.

சிறிய லேத்தின் உண்மையான தடை இடம். மேசை மேல் வைக்கும் 7 அங்குல லேத்துகளின் ஸ்பிண்டில் துளை ஏறத்தாழ 20 மி.மீ. தான், 30 மி.மீ. தடிமனுள்ள பேரலின் அடிப்பகுதி அதில் நுழையாது. சென்டர்களுக்கு இடையிலான நீளம் 350 மி.மீ. என்றால் 610 மி.மீ. பேரலை ஸ்டெடி ரெஸ்டில் (பெட்டின் மேல் நின்று பேரலை விரல்களால் தாங்கும் சட்டத்தில்) தாங்கவும் வழியில்லை. 38 மி.மீ. ஸ்பிண்டில் துளையுள்ள சற்றுப் பெரிய லேத்தில் பேரலை ஹெட்ஸ்டாக் வழியாகச் செலுத்தி, ஒரு புறம் நான்கு தாடை சக்கிலும் மறுபுறம் நான்கு திருகுள்ள வளையத்திலும் பிடிக்கலாம். ஸ்டெடி ரெஸ்ட் வழி தாழ்ந்ததல்ல. ஆனால் அதன் விரல்கள் ஓடும் வெளிவட்டத்தை முதலில் துளைக்கு ஒத்த அச்சில் கடைந்துகொள்ள வேண்டும். அந்தப் படியைத் தவிர்த்தால் எல்லாப் பிழையும் அங்கிருந்தே தொடங்கும்.

சக்கின் தாடைகள் பேரலை அகலமாகப் பற்றினால், மறுமுனையைச் சரிசெய்யும்போது பேரலே வளையும். பிடி தளர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். தாடைகளுக்குக் கீழே மெல்லிய செம்புக் கம்பி வளையம் வைப்பதால் பேரல் அந்த இடத்தில் சாய இடம் கிடைக்கிறது. டயலின் நீண்ட முனை துளைக்குள் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தைத் தொட வேண்டும். டயல் 0.02 மி.மீ. ஓட்டம் காட்டினால் அச்சு விலகல் அதில் பாதி, 0.01 மி.மீ. இரு முனைகளையும் பூஜ்யமாக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் குண்டு வரிப்பள்ளத்தில் ஏறும் இடமும் அதன் அருகிலுள்ள நீளமும்தான் முக்கியம்; வாய்முனை சற்று சுற்றினாலும் தோட்டா அறை கெடுவதில்லை.

லேத்தையும் சோதிக்க வேண்டும். பொறியாளர் ஜார்ஜ் ஷ்லெசிங்கர் 1927இல் இயந்திரச் சோதனை முறைகளைத் தொகுத்தபோது வைத்த கேள்விகள் இன்றும் பொருந்தும்: பெட் முறுக்கியிருக்கிறதா, ஸ்பிண்டில் அச்சு பெட்டுக்கு இணையாக உள்ளதா, டெயில்ஸ்டாக் எந்த உயரத்தில் நிற்கிறது? மரமேசையில் திருகிய சிறு லேத்தின் பெட் முறுக்குவது சாதாரணம். தேய்ந்த டெயில்ஸ்டாக் தாழ்ந்துவிடும். தோட்டா அறையை வெட்டும் கருவியான ரீமரை அதில் இறுக்கமாகப் பிடித்தால், அது துளையின் வாயை அகலமாக்கும். ரீமரைச் சற்றே அசைய விடும் மிதவைப் பிடி இந்தப் பிழையை ஓரளவு தாங்கும். ரீமரை வழிநடத்துவது அதன் முனையிலுள்ள பைலட். அது துளையில் தளர்வின்றி ஓட வேண்டும். மெதுவான வேகம், தாராளமான எண்ணெய், அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைத் துடைப்பது ஆகியவற்றைப் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை.

தோட்டா அறையின் ஆழம் என்பது அழகுக்கான அளவு அல்ல. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரத்தில் அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. தோட்டா அறை ஆழமாகிவிட்டால் பித்தளை உறை நீண்டு கிழிந்து, வாயு பின்புறம் பாயக்கூடும். ஆகவே குறைந்தபட்ச ஆழத்துக்கான கோ கேஜ் வைத்தால் போல்ட் மூட வேண்டும், அதிகபட்ச ஆழத்துக்கான நோ-கோ கேஜ் வைத்தால் மூடக் கூடாது. இந்தச் சோதனையில் சமரசம் செய்பவரிடம் ரீமர் இருக்கவே கூடாது.

பாதுகாப்புக்கான இந்தப் பொறுப்பை நாடுகள் வெவ்வேறாகப் பங்கிடுகின்றன. பிரிட்டனில் புதுப் பேரல் பொருத்திய துப்பாக்கியை விற்கும் முன் லண்டன் அல்லது பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைக் கூடத்தின் முத்திரை வேண்டும். பர்மிங்காம் கூடம் 1813இல் நிறுவப்பட்டது. அமெரிக்காவில் அத்தகைய கட்டாயச் சோதனை இல்லை. ஆனால் துப்பாக்கி வேலையைத் தொழிலாக நடத்துபவர் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி தயாரிப்பை மட்டுமல்ல, பழுதுபார்ப்பதையும் சோதிப்பதையும்கூட உரிமத்துக்குள் வைத்திருக்கிறது.