யார் அந்தக் குடும்பம்?

ஆண்டுதோறும் அக்டோபர் 1, உலக முதியோர் நாளன்று மேடைக்கு மேடை இதே பேச்சு: "மேல்நாட்டில்தான் பெற்றவர்களைத் தள்ளிவைப்பார்கள். நம் ஊரில் குடும்பம் தாங்கிக்கொள்ளும், அரசு எதற்கு?" கைதட்டலும் விழுகிறது. ஓசூர் மாதிரி ஒரு தொழில் நகரத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

மேல்நாட்டுக் கதையை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஜெர்மனி 1995-லேயே முதுமைப் பராமரிப்புக்குக் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்துவிட்டது. குளிப்பாட்டிவிட ஆள் வீட்டுக்கே வருகிறார்.

சரி, தாங்கிக்கொள்ளும் அந்தக் குடும்பம் யார்? மேடையில் இருப்பவர் சொல்லமாட்டார். பெரும்பாலும் மருமகள், இல்லாவிட்டால் மகள். கஞ்சி கரைத்துக் கொடுத்ததும், கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போனதும், ராத்திரி எழுந்து பார்த்ததும் அவள்தான். அவளும் இப்போது வேலைக்குப் போகிறாள். ஓசூருக்கு 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஊர் பெருத்தது. இன்று டாடா எலக்ட்ரானிக்ஸில் மட்டும் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு சம்பளத்தில் வாடகை கட்டி, பிள்ளையைப் படிக்கவைக்க முடியாத ஊர் இது.

ஏதாவது ஒரு லைன் வீட்டை எட்டிப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மருமகளுக்குக் கம்பெனி பஸ். மகன் நைட் ஷிஃப்ட் முடித்து வர ஏழரை ஆகும். வந்ததும் அடித்துப்போட்டாற்போல் தூங்குவான். கழிவறை வரிசையின் கடைக்கோடியில், இரண்டு படி ஏறவேண்டும். முட்டி பிடித்துக்கொண்ட அம்மா, அந்தப் படிக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. பகலில் ஆள்தான் இல்லை.

குழந்தை விஷயத்தில் இது நமக்குப் புரிந்திருக்கிறது. அங்கன்வாடிகள் 1975-இல் வந்தன. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்கவேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். "தாய் பார்த்துக்கொள்வாள், சட்டம் எதற்கு" என்று அன்றைக்கு எந்த மேடையிலும் நான் கேட்கவில்லை. அதே தாயின் மாமியாருக்கு மட்டும் பண்பாடு போதுமா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்புக் கேட்டுப் பெற்ற மகன்மேல் சார் ஆட்சியரிடம் மனுப் போடவேண்டும். எத்தனை தாய்மார் போடுவார்கள்? முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. அதில் எண்பது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தருவது 200.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது, ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். குடும்பமே போதுமென்றால் சர்க்கரை மாத்திரையை அரசு ஏன் வீடு தேடிக் கொண்டுபோகிறது? நல்ல திட்டம். ஆனால் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறவர் பகலெல்லாம் துணைக்கு உட்கார முடியாது. மகனுக்குக் கர்நாடகத்து ஜிகணியில் வேலை என்று அம்மா அத்திப்பள்ளிக்குக் குடிபோனால், மாநில எல்லையைத் தாண்டி அந்த ஊழியர் வரவும் முடியாது.

வார்டுக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையமாவது ஓசூர் மாநகராட்சி திறக்கட்டும். செலவில் ஒரு பங்கை ஆலைகளிடம் கேட்கட்டும். அந்த மருமகளின் பகல் பொழுது ஆலைகளிடம்தானே இருக்கிறது.