கீழே வைத்த குழாய்

‘விஞ்ஞானி சொன்னால் நம்பு’ என்பார் சிலர். ‘யார் சொன்னாலும் நம்பாதே’ என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு என்பதே என் கருத்து.

1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் நடந்ததைப் பாருங்கள். உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும் என்று கருதிய பாஸ்கல், அதைச் சோதிக்கும் பணியைத் தம் அக்காள் கணவர் பெரியேயிடம் ஒப்படைத்தார். பெரியே பாதரசக் குழாய் ஒன்றைக் கிளெர்மோன் நகரிலேயே வைத்து, நாள் முழுவதும் அதைக் கவனிக்க ஒரு துறவியை அமர்த்தினார். மற்றொரு குழாயுடன் புய் த டோம் மலையுச்சிக்கு ஏறினார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் சாட்சிகளாக உடன் சென்றனர். உச்சியில் பாதரச மட்டம் 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்திருந்தது. இடம் மாற்றி மாற்றி ஐந்து முறை அளந்தார், அதே அளவுதான்!

கீழே வைத்த குழாய் எதற்கு? வானிலை மாறியிருந்தால் அதிலும் மட்டம் மாறியிருக்கும். அதிலோ மாற்றமே இல்லை. அவ்வாண்டே பாஸ்கல் இவ்விவரங்களை அச்சிட்டு வெளியிட்டார். ஐயமுள்ள எவரும் குழாயுடன் மலை ஏறிப் பார்க்கலாம் அல்லவா?

விஞ்ஞானத்தின் மீது நமக்குள்ள நம்பிக்கை இப்படித்தான் பிறந்தது. ஆகவே, ‘விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்’ என்று யாரேனும் சொன்னால், ‘கீழே வைத்த குழாய் எங்கே?’ என்று கேளுங்கள். தக்க விடை கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் பின்னும் மறுப்பது வெறும் பிடிவாதமே.