பெட்டி பெட்டியாகப் பயம்

2001-ஆம் ஆண்டு இந்தியா ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகள் வாங்க ஒப்பந்தம் போட்டது. 124 டாங்கிகள் முழு வண்டிகளாக வந்து இறங்கின. பாக்கி 186-ஐ ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. அவற்றுக்கான பாகங்கள் பெட்டிகளில் வந்தன. ஆக, நாற்பத்தாறு டன் எடையுள்ள சண்டை வண்டியையே 'பிரித்துத் தருகிறோம், நீங்களே கோத்துக்கொள்ளுங்கள்' என்று விற்கவும் வாங்கவும் செய்கிறார்கள். அதே டி-90-ஐச் சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பர் விரித்து, பிளாஸ்டிக்கில் கோத்துக்கொண்டிருக்கிற என்னை 'இந்த வயசுல பொம்மையா?' என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் இந்த ஒப்பந்தம்தான். பெரும்பாலும் எடுபடுவதில்லை.

மேஜையில் இருப்பது சீனாவின் மெங் கம்பெனி போட்டிருக்கும் டி-90ஏ, ரஷ்ய ராணுவத்தின் ரகம். 35-இல் ஒரு பங்கு அளவு. நிஜ வண்டியின் அகலம் 3.78 மீட்டர், இங்கே பதினோரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறு மீட்டர் பீரங்கிக் குழல் இங்கே பதினேழு சென்டிமீட்டர். 125 மில்லிமீட்டர் குழல் வாய் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது.

35 என்கிற இந்த எண் எப்படி வந்தது என்பது ஒரு வேடிக்கை. ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்தில் 1946-இல் மர அறுவை மில்லாக ஆரம்பித்த தமியா கம்பெனி, 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பேந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடுகிற பிளாஸ்டிக் மாடலாகப் போட்டது. உள்ளே பேட்டரி உட்கார இடம் வேண்டும். அந்த இடத்துக்குத் தக்கபடி உடம்பை அமைத்தார்கள். மாடல் நன்றாக விற்றது. அடுத்த டாங்கியையும் இதே அளவில் போடலாம் என்று அளந்து பார்த்தால், நிஜத்தில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. அந்தக் கம்பெனியை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஷுன்சாகு தமியாவே இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இப்போது மாடலுக்குள் பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. ஆனாலும் உலகம் அந்த அளவை விடவில்லை. ஒன்றோடொன்று சண்டையில் இருக்கும் ரஷ்யாவிலும் உக்ரைனிலும்கூட மாடல் கம்பெனிகள் இந்த 35-இல்தான் டாங்கி போடுகின்றன.

வேலையின் முதல் பாதி சுத்தமான சலிப்பு. பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். அதிலிருந்து நிப்பரால் வெட்டு, வெட்டிய இடத்தை உப்புத்தாளில் தேய், அச்சு சேர்ந்த இடத்தில் தெரியும் மெல்லிய கோட்டைச் சுரண்டு, அப்புறம் ஒட்டு. பக்கத்துக்கு ஆறு சக்கரம். ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. ஆக இருபத்துநான்கு தட்டுகளுக்கும் இதே பூஜைதான். சங்கிலி அதைவிட மோசம். பக்கத்துக்கு எண்பது சொச்சம் கண்ணிகள், எல்லாம் தனித்தனி. பூக்காரம்மா பேசிக்கொண்டே பூக் கட்டுகிற மாதிரி, பாட்டுக் கேட்டபடி கோத்துக்கொண்டே போக வேண்டும். எண்ணக் கூடாது, எண்ணினால் மூடிவைத்துவிடத் தோன்றும்.

பசை என்று சொல்கிறோமே தவிர, இது பசையே இல்லை. தண்ணீர் மாதிரி மெல்லிய ஒரு கரைப்பான். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிரஷ் நுனியால் இடைவெளியில் தொட்டால் போதும், உள்ளே ஓடிப் பாய்ந்து இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் அங்கே மூட்டு என்று எதுவும் இல்லை. பித்தளைக்கு இந்தப் பாச்சா பலிக்காது, அதற்கு ஃபெவிகுயிக்தான்.

பித்தளை எங்கே வருகிறது என்றால், அளவுக் கணக்கில் வருகிறது. அரை மில்லிமீட்டருக்கு மெல்லியதாகப் பிளாஸ்டிக்கை வார்ப்பது கஷ்டம். அந்த அரை மில்லிமீட்டரை முப்பத்தைந்தால் பெருக்குங்கள், பதினேழரை மில்லிமீட்டர். நிஜ டாங்கியில் இன்ஜினுக்கு மேலே இருக்கும் கம்பி வலையோ ஒரு மெல்லிய தகட்டுத் தாங்கியோ அவ்வளவு தடிமனாக இருந்தால் எப்படி இருக்கும்? அதனால் அந்த மாதிரி இடங்களுக்கு அமிலத்தால் அரித்து உருவாக்கிய பித்தளைத் தகடு தருகிறார்கள். தட்டார் வைத்திருக்கும் சாமணம் மாதிரியே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதைக்கொண்டு பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மடிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், பாகம் பறந்துவிடும். தரையில் தேடலாம். கிடைக்காது. இது உலகம் பூராவும் உள்ள வழக்கு.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இந்தக் காலத்து டாங்கி, இரண்டாம் உலகப் போர் டாங்கி இன்னும் அழகாயிற்றே என்று சக ஆர்வலர்கள் கேட்பதுண்டு. வாஸ்தவம்தான். அந்தக் காலத்து பேந்தருக்கும் டி-34-க்கும் ஒரு வடிவம் உண்டு. நாலு கோட்டில் வரைந்துவிடலாம். டி-90-ஐ அப்படி வரைய முடியாது. அது வடிவமே இல்லை, சாமான்கள். உடம்பு தெரியாதபடி பெட்டி, குழாய், தகடு, ரப்பர், பீப்பாய் என்று மேலே மேலே மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டும்போது எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான்: ஒவ்வொரு சாமானும் ஒரு பயம்.

பீரங்கிக் குழலைத் தாங்கும் கோபுரத்தின் முன்பக்கம் ஆப்பு ஆப்பாகச் சாய்ந்து நிற்கும் கட்டிகளைப் பாருங்கள். கான்டாக்ட்-5 என்று பெயர். நிஜத்தில் அவை வெடிமருந்து வைத்த இரும்புப் பெட்டிகள். எதிரியின் குண்டு பட்டதும் உள்ளே இருப்பது வெடித்து, மூடித் தகட்டைக் குண்டின் பாதைக்குக் குறுக்கே தள்ளிவிடும். சொந்த உடம்பின் மேல் வெடிமருந்தைக் கட்டிக்கொள்ளும் இந்த யோசனை எப்படி வந்தது? 1973 அரபு-இஸ்ரேல் போரில், சூட்கேஸில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சோவியத் ஏவுகணைகளை வைத்து எகிப்தியக் காலாட்படை இஸ்ரேலின் டாங்கிகளை அடித்தது. தனி ஆள் ஒரு டாங்கியைக் கொல்லலாம் என்பது எல்லா ராணுவங்களையும் உலுக்கியது. 1982-இல் லெபனானுக்குள் போன இஸ்ரேல் டாங்கிகளின் மேல் இந்த வெடிப்பெட்டிகள் இருந்தன. சோவியத் யூனியன் அதே யோசனையைப் பிடித்துக்கொண்டது. முதல் தலைமுறைப் பெட்டிகள் ஏவுகணைக்குத்தான் பயன்பட்டன. கான்டாக்ட்-5, பீரங்கியிலிருந்து வரும் உலோக ஈட்டிக்கும் சேர்த்து.

குழலின் இரு பக்கமும் சிவப்பாக இரண்டு கண்கள். டி-90 படம் பார்த்தவர்கள் யாரும் மறக்க முடியாத கண்கள். ஷ்டோரா என்கிற கருவி. கம்பி வழியாக இயக்கப்படும் ஏவுகணையின் வாலில் ஒரு வெளிச்சம் இருக்கும். ஏவியவனின் கருவி அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏவுகணையைத் திருப்பும். இந்தக் கண்கள் அதே மாதிரியான அகச்சிவப்பு வெளிச்சத்தை வீசி, எது ஏவுகணை என்று அந்தக் கருவிக்கே குழப்பத்தை உண்டாக்கும். மாடலில் இதற்குக் கண்ணாடி மாதிரியான பாகம் இருக்கிறது. உள்பக்கத்திலிருந்து ஒளி ஊடுருவும் சிவப்புப் பெயின்ட்டைப் பூச வேண்டும். வெளியே பூசினால் சப்பென்று ஆகிவிடும். உள்ளே பூசினால் ஆழம் கிடைக்கிறது. பக்கவாட்டில் புகைக்குண்டுக் குழல்கள், லேசர் நம் மேல் பட்டால் உடனே புகை கிளப்பி ஒளிந்துகொள்ள.

பின்னால் வாருங்கள். நீளமான ஒரு குழாய், ஆற்றின் அடியில் போகும்போது இன்ஜின் மூச்சு விட. இரண்டு டீசல் பீப்பாய்கள், வழியில் எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்று. அதற்கும் கீழே ஒரு மரக்கட்டை. ஆமாம், மரக்கட்டைதான். ஆயிரம் குதிரைசக்தி இன்ஜின், இரவில் பார்க்கும் கருவி, குழலிலிருந்தே ஏவுகணை, எல்லாம் இருந்தும் சேற்றில் புதைந்தால் சங்கிலிக்கு முன்னால் இந்தக் கட்டையைக் கட்டி அதன் மேல் ஏறித்தான் வெளியே வர வேண்டும். பிளாஸ்டிக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேப்பங்குச்சி ஒன்றை நறுக்கி வைத்தேன். பட்டையின் வெடிப்புகள் அளவுக்குச் சரியாக இருந்தன. மொத்த மாடலிலும் நிஜமான பொருள் அது ஒன்றுதான்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது நம்ம வண்டி இல்லையே சார்" என்றார். சிவப்புக் கண்களைத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி. இந்தியா வாங்கிய டி-90-இல் ஷ்டோரா கிடையாது. அந்த இடத்திலும் வெடிப்பெட்டிகளையே வைத்துவிட்டார்கள். 'பீஷ்மா' என்று அதற்குப் பெயர். பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டியதாக இல்லாமல், ஆவடியிலேயே தயாரான முதல் வண்டிகள் 2009-இல் வெளியே வந்தன.

"கண்ணை எடுத்துட்டா நம்ம வண்டி ஆயிடுமா, ஐயா? பெட்டி எப்படி வரும், எத்தனை வரும்?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது சார்."

குடியரசு தின அணிவகுப்பில் உலகமே பார்க்கிற வண்டி இது என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன். "அப்ப படத்தைப் பாத்தே செய்ங்க" என்று காபியை முடித்துவிட்டுப் போய்விட்டார். ஓய்வு பெற்ற பிறகும் இப்படி வாயைக் கட்டுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

பழைய டாங்கிகளை அருங்காட்சியகத்தில் போய் அளக்கலாம், தமியா கம்பெனி அப்படித்தான் செய்தது. இந்தக் காலத்து டாங்கியை யார் அளக்க விடுவார்கள்? அணிவகுப்புப் படங்கள், ஆயுதக் கண்காட்சிப் படங்கள், இவ்வளவுதான் கதி என்று இருந்தது. 2023 ஏப்ரலில் ஒரு விநோதம் நடந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில், ஒரு ட்ரெய்லரின் மேல் டி-90ஏ ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தது. உக்ரைன் போரில் கைப்பற்றப்பட்ட வண்டி. போகிற வருகிறவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். ராணுவ ரகசியம் என்று இத்தனை வருஷம் பொத்தி வைத்த மூலைமுடுக்கு, டீ குடிக்க இறங்கியவன் போனில் வந்துவிட்டது.

அந்தப் போர்தான் இந்தப் பொழுதுபோக்கில் இப்போது உறுத்துகிற விஷயம். டி-90-இல் மூன்று பேர். குண்டு நிரப்ப ஆள் இல்லை, இயந்திரமே நிரப்பும். அதற்காக 22 குண்டுகள் வட்டமாக, கோபுரத்தில் இருக்கும் இருவரின் காலுக்கு அடியில் அடுக்கப்பட்டிருக்கும். குண்டு அங்கே பட்டால் கோபுரம் அப்படியே பிய்த்துக்கொண்டு பறக்கும். அந்தப் படங்களை 2022-க்குப் பிறகு பார்க்காதவர் இல்லை. வெளியே இத்தனை பயத்துக்கும் பெட்டி கட்டியவர்கள், காலுக்கு அடியில் இருந்ததற்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. என் மாடலின் உள்ளே வெறும் காலி. சில கம்பெனிகள் சில டாங்கிகளுக்கு இருக்கை, குண்டு வட்டம் வரைக்கும் சேர்த்துத் தருகின்றன. நான் அதை வாங்குவதில்லை. மூடியைத் திறந்து வைத்து அரை உடம்பு வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தும் ஐந்து சென்டிமீட்டர் பொம்மை ஆட்களையும் வைப்பதில்லை. ஆள் இல்லாத வண்டியோடு மட்டும்தான் எனக்கு ஒத்துப்போகிறது.

பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது மாடல் போட்டிகளில் ஜெயிக்கிற டாங்கிகளைப் பார்த்தால், காயலான் கடையிலிருந்து எடுத்து வந்ததாகத் தோன்றும். துரு வழிகிறது, சேறு அப்பியிருக்கிறது, பெயின்ட் உரிந்திருக்கிறது. செய்தவரின் கைத்திறன் தெரிகிறதே தவிர, வண்டி தெரிவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ராணுவத்தில் பராமரிப்பு என்று ஒன்று உண்டு, மறுபடி மறுபடி பெயின்ட் அடிப்பார்கள். தூசி உண்டு, எண்ணெய்க் கசிவு உண்டு, துரு ரொம்பக் குறைவு. சென்னையில் அதிலும் இன்னொரு சிக்கல். மழைக்கால ஈரத்தில் லாக்கர் பெயின்ட்டை ஏர்பிரஷ்ஷில் அடித்தால் வெளிறிப் பூத்துவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் வெட்டு, ஒட்டு வேலை. தை பிறந்தபின் பெயின்ட்.

விலையைச் சொன்னால் வீட்டில் பிரச்சினை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்ற என்றார்கள். நியாயம்தான். ஆனால் பெட்டியின் மேல் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் இந்தச் சமாச்சாரமும் பொம்மை என்கிற அதே தலைப்புக்குள்தான் வருகிறது. கிலுகிலுப்பைக்கு என்ன வரியோ அதே வரி டி-90-க்கும்.

புதிதாக வந்திருக்கும் பயத்தைத்தான் இன்னும் ஒட்டவில்லை. மேலேயிருந்து விழும் ட்ரோனுக்குப் பயந்து, 2021 கடைசியிலிருந்து ரஷ்ய டாங்கிகள் தலைக்கு மேல் இரும்புக் கம்பிக் கூரை போட ஆரம்பித்தன. ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் மற்ற ராணுவங்களும் மாட்டிக்கொண்டன. மெங் பெட்டி அதற்கு முந்தைய தயாரிப்பு, அதில் கூரை இல்லை. பித்தளையில் தனியாக விற்கிறார்கள். வரியும் தபால் செலவும் சேர்த்துப் பார்த்தேன், கட்டுப்படி ஆகாது. ஜன்னலுக்கு அடித்தது போக மீந்த ஸ்டீல் கொசுவலை பரணில் ஒரு துண்டு கிடக்கிறது. கண் ஒன்றேகால் மில்லிமீட்டர் இருக்கும். நிஜத்தில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.